எம்ஜிபி: புது முன் விங் உட்காரவே மாட்டேன் என்கிறது. கதவோடு இடைவெளி மேலே 2 மி.மீ., கீழே 9 மி.மீ.

பாதிவண்டி:

வணக்கம் மக்களே. மூன்று வாரமாக ஒரே ஒரு விங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இனி யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும்.

வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், குரோம் பம்பர். வலது முன் விங்கில், அதாவது சக்கரத்தை மூடுகிற பக்கத் தகட்டில், சக்கரத்துக்குப் பின்னால் கதவை ஒட்டி இருக்கிற கீழ்ப்பகுதி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை ஒட்டுப்போட்டாயிற்று, மூன்றாவது முறை பட்டியைச் சுரண்டியபோது பட்டிக்கு அடியில் பட்டிதான் இருந்தது, தகடு இல்லை. சரி, புது விங்கே வாங்கிவிடலாம், இதற்கு வெல்டிங்கூட வேண்டாம், எல்லாம் போல்ட்டுதானே, ஒரே நாளில் கழற்றி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். கழற்றவே நான்கு நாள் ஆனது, அது வேறு கதை.

இப்போது பிரச்சினை இதுதான். விங்கை வைத்து எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டினால், கதவுக்கும் விங்குக்கும் நடுவே மேலே 2 மி.மீ.தான் இருக்கிறது. அப்படியே கீழே இறங்கிப் பார்த்தால் 9 மி.மீ. ஒரு கோடு மாதிரி இருக்க வேண்டிய இடைவெளி ஆப்பு மாதிரி இருக்கிறது. மேலே சரி செய்ய விங்கை முன்னால் இழுத்தால் பானெட் ஓரம் கெடுகிறது, ஹெட்லைட் பக்கம் கிரில்லோடு முட்டுகிறது. கீழே சரி செய்யப் பின்னால் தள்ளினால் மேலே கதவைத் திறக்கும்போது உரசுகிறது. பழைய விங்கும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்காதீர்கள், அதில் பட்டி அத்தனை கனமாக இருந்ததால் எது விளிம்பு என்றே தெரியவில்லை.

விற்றவர்களிடம் கேட்டேன், பழைய அச்சிலேயே அடித்த பேனல், தப்பு உங்கள் வண்டியில்தான் இருக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தேகமும் வந்தது.

விங்கின் பின் விளிம்பை கிரைண்டரில் சீவிவிடலாமா? இல்லை திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கலாமா? பெயிண்ட் அடிக்க ஆள் காத்திருக்கிறார், சீக்கிரம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இரண்டாம்கை:

எனக்கும் இதே மாதிரி வந்தது, கொஞ்சம் குறைவாக. மேலே விளிம்பை லேசாக அரத்தால் ராவினேன், கீழே விளிம்பு நெடுக மெல்லிய வெல்டிங் கம்பியை வைத்து வெல்டு செய்து, ராவிச் சமமாக்கினேன். இடைவெளி அழகாக வந்துவிட்டது. திருப்பி அனுப்பினால் அடுத்தது இதைவிட மோசமாக வரலாம், அதனால் கையில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆனால் ஒன்று, விளிம்பு மடித்த தகடு. ரொம்ப ராவினால் மடிப்பு அறுந்து இரண்டு தாளாகப் பிரிந்துவிடும். ஒரு மி.மீ.க்கு மேல் கை வைக்காதீர்கள்.

தகடுதட்டி:

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். கிரைண்டரைக் கீழே வையுங்கள்.

1 மி.மீ. வித்தியாசம் என்றால் இரண்டாம்கை சொல்வது சரி, நானும் அப்படித்தான் செய்வேன். மேலே 2, கீழே 9 என்றால் அது விங் பிழை இல்லை. அச்சில் அடிக்கிற பேனல் தப்பாக வந்தால் வளைவு சேராது, கோடு சேராது, துளை சேராது. இப்படி ஆப்பு வடிவத்தில் ஏழு மி.மீ. வித்தியாசம் வருகிறது என்றால் கதவோ பாடியோ சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாடி சாய்ந்தால் கதவையும் சாய்த்து வைத்திருப்பார்கள்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இதற்கு முன்னால் வந்த எம்ஜிஏ-வுக்குத் தனி சேஸிஸ் இருந்தது. 1962-ல் வந்த எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடியே சேஸிஸ். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. அப்புறம் முன்பாதியையும் பின்பாதியையும் எது சேர்த்துப் பிடிக்கிறது? நடுவில் கியர்பாக்ஸ் டனல், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில். அவ்வளவுதான். அந்த சில் துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்கிறது, பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி. தொய்ந்தால் கதவு இருக்கிற ஓட்டை மேலே குறுகும், கீழே அகலும்.

இப்போது கதவு ஹிஞ்ச் தூணில் தொங்குகிறது, அந்தத் தூண் பின்னால் சாய்ந்ததால் கதவின் பின்முனை கீழே இறங்கும், பூட்டு சரியாக விழாது, பின் விங்கோடு கோடு சேராது. உடனே என்ன செய்வோம்? ஹிஞ்சில் ஷிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டு, வைத்துக் கதவின் பின்முனையைத் தூக்குவோம். பின்பக்கம் பார்க்க நன்றாகிவிடும். ஆனால் கதவு அப்படிச் சுழன்றபோது அதன் முன் விளிம்பு மேலே முன்னாலும், கீழே பின்னாலும் போயிருக்கும். பின்பக்கம் இருந்த கோணலைத் தூக்கி முன்பக்கம் வைத்துவிட்டோம், அவ்வளவுதான். அதனால்தான் கேட்கிறேன்: கதவை யாராவது ஹிஞ்சில் தூக்கி வைத்திருக்கிறார்களா? சில் எப்போதாவது மாற்றியதா? மாற்றியபோது வண்டி எப்படி நின்றது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், அப்புறம் விங்கைப் பார்ப்போம்.

கையோடு ஒரு சோதனையும் செய்யுங்கள். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது வலது கதவு ஓட்டையின் மேல் அகலத்தை டேப் வைத்து அளக்கவும், ஹிஞ்ச் தூணில் ஒரு புள்ளி, பூட்டுத் தூணில் ஒரு புள்ளி, இரண்டையும் பேனாவால் குறித்துக்கொள்ளவும். பிறகு முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் அளவு தூக்கி மறுபடி அளக்கவும். அப்புறம் வண்டியின் நடுவில், ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கி மூன்றாவது முறை. நல்ல பாடியில் மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். உங்களுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று எழுதுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், அளப்பதற்கு அடியில் போகத் தேவையும் இல்லை.

பாதிவண்டி:

அண்ணா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

ஆமாம், கதவை நான்தான் தூக்கி வைத்தேன். ஷிம் வைத்து. ஆமாம், வலது சில் போன வருடம் நான்தான் மாற்றினேன், நான் முதன்முதலாக வெல்டிங் கற்றுக்கொண்டது அதில்தான். வண்டி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஸ்டாண்டில் நின்றது, இன்ஜின் உள்ளேயே இருந்தது. கதவு ஓட்டைக்குக் குறுக்கே எதுவும் வைக்கவில்லை, வைக்க வேண்டும் என்றே தெரியாது.

அளவுகள்: நான்கு சக்கரத்தில் நிற்கும்போது வலதுபக்கம் இடதைவிட 5 மி.மீ. குறைவு. முன்னால் தூக்கினால் இன்னும் ஒன்று குறைகிறது. நடுவில் தூக்கினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. விரிகிறது. ஜாக்கியை மெதுவாக ஏற்றும்போது கதவு இடைவெளி கண்ணெதிரே திறக்கிறது, வாய் திறக்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. சில் புதுசுதானே, நானே வெல்டு செய்தது. தொய்ந்த நிலையில் ஒட்டிவிட்டேன் என்பது புரிகிறது. அப்படியே இறுகிப்போயிருக்க வேண்டாமா? இப்போதும் ஏன் ஆடுகிறது?

டிஆர்6_பித்தன்:

தகடுதட்டி வந்து பதில் சொல்வதற்குள் ஒரு குறுக்குப் பேச்சு. நான் டிரையம்ஃப் டிஆர்6 ஆள். எங்கள் வண்டிக்குத் தனி சேஸிஸ் இருக்கிறது, பாடி அதன்மேல் போல்ட்டில் உட்காருகிறது. கதவு இடைவெளி மேலே குறுகினால் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிற பேக்கிங் தகடுகளைக் கூட்டிக் குறைத்தே பாதியைச் சரி செய்துவிடலாம். ஒரு போல்ட்டின் அடியில் மூன்று மி.மீ. தகடு சேர்த்தால் கதவின் மேல்முனை நகர்வதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். எம்ஜிபி-யில் அந்த வசதி கிடையாது, வெட்டினால்தான் உண்டு.

ஆனால் சேஸிஸ் இருக்கிறது என்று நானும் தெனாவெட்டாக இருந்தேன், பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கிய பிறகு குறுக்குக் கம்பி இல்லாமல் சில்லை வெட்டினேன், திரும்ப இறக்கியபோது பாடி ஒரு பக்கமும் போல்ட் துளை ஒரு பக்கமும் நின்றது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம், வெட்கப்படாதீர்கள்.

தகடுதட்டி:

பாதிவண்டி, ஏன் ஆடுகிறது என்றால், நீங்கள் மாற்றியது சில் இல்லை, சில்லின் சட்டை.

எம்ஜிபி சில் ஒரே தகடு கிடையாது. வெளியே தெரிகிற வெளி சில் ஒன்று. உள்ளே தரையோடு சேருகிற உள் சில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு நிற்கிறது, மெம்ப்ரேன் என்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் காஸில் ரெயில் என்று ஒரு நீளத் தகடு. இவை நான்கும் சேர்ந்தால்தான் அது பெட்டி, பெட்டியாக இருந்தால்தான் அதற்கு பலம். நடுத்தகடு போய்விட்டால் மீதி இருப்பது அட்டைப்பெட்டிதான். உங்களுடையது போயிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். உள்பக்கம் ஒரு ரப்பர் மூடியைக் கழற்றி, செல்போன் கேமராவையோ சின்ன கண்ணாடியையோ உள்ளே விட்டுப் பாருங்கள்.

போயிருந்தால் வேலை இப்படிப் போகும்.

முதலில் புது விங்கைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, யாரும் மிதிக்காத இடத்தில் வையுங்கள். கொஞ்ச நாளைக்கு அது தேவைப்படாது. பேட்டரியைக் கழற்றுங்கள். 1972 என்றால் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்க வேண்டும், யாராவது ஒரே 12 வோல்ட்டாக மாற்றியிருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். ஆல்டர்னேட்டர் வயரையும் பிடுங்குங்கள். பெட்ரோல் டேங்க் பின்னால்தான் இருக்கிறது, பெட்ரோல் குழாய் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது, அதை மறந்துவிட்டு வெல்டு பற்றவைத்தவர்கள் கதை எல்லாருக்கும் தெரியும். கார்ப்பெட், சீட் எல்லாம் வெளியே.

அடுத்தது குறுக்குக் கம்பி. ஹிஞ்ச் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, கதவு ஓட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று. அதை வண்டிக்குள் இருக்கிற பக்கத்தில் வையுங்கள், அப்போதுதான் கம்பி இருக்கும்போதே கதவை மாட்டி மூடிப் பார்க்க முடியும். இது ரொம்ப முக்கியம், வெளியே வைத்துவிட்டுக் கதவு மாட்டாமல் வெறும் டேப்பை நம்பி வேலை செய்தால் கடைசியில் டேப் சிரிக்கும். வெறும் ஆங்கிள் போடாமல் நடுவில் டர்ன்பக்கிள் (திருகினால் நீளுகிற மரை) வைத்த கம்பியாகப் போடுங்கள், ஏனென்றால் உங்கள் வண்டியைப் பிடித்துவைத்தால் போதாது, 5 மி.மீ. திறக்கவும் வேண்டும். மூலைக்கு மூலை இன்னொரு கம்பி வைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் வண்டியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியிலும் பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலும் ஸ்டாண்ட். இன்ஜினை இறக்க முடிந்தால் இறக்கிவிடுங்கள், முன்பக்கக் கனம் போனாலே பாதி நிமிர்ந்துவிடும். நீங்கள் ஷிம் வைத்த கதவிலிருந்து ஷிம்மை எடுத்துவிடுங்கள், ஹிஞ்ச் நடுநிலைக்கு வரட்டும்.

இப்போது வெளி சில்லை வெட்டி எடுங்கள், ஒரு பக்கம் மட்டும், மறுபக்கத்தைத் தொடவே கூடாது. முழு நீளமும் எடுக்க வேண்டும். சில் முன்னால் விங்குக்கு அடியிலும், பின்னால் பின் விங்குக்கு உள்ளேயும் நீள்கிறது. பின் விங்கின் கீழ்மூலையை வெட்டித் திறந்தால்தான் பின்முனை கிடைக்கும். கதவுக்குக் கீழே தெரிகிற துண்டை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் அதிகம், போன தடவை நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். வெட்டிய பிறகு டர்ன்பக்கிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகிக் கதவை மூடிப் பாருங்கள். பின் விங்கோடு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வரும்வரை. வந்த பிறகு மெம்ப்ரேன், காஸில் ரெயில், கடைசியில் வெளி சில், இந்த வரிசையில். ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டு, ஸ்க்ரூ போட்டு, கதவை மூடிப் பார்த்து, அப்புறம்தான் டேக் (பிடித்து நிறுத்த ஒரு சின்ன வெல்டு) வைக்க வேண்டும். டேக் வைத்ததும் மறுபடி கதவு. முழு வெல்டு செய்வதற்கு முன் விங்கை எடுத்து வந்து ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விங்கின் கீழ்முனை சில்லில்தான் திருகப்படுகிறது.

கதவுதான் அளவுகோல், விங் எப்போதும் கடைசி. விங்குக்குத் துளையில் கொஞ்சம் ஆட்டம் வைத்திருக்கிறார்கள், பானெட்டுக்கும் ஹிஞ்சில் ஆட்டம் இருக்கிறது, பின் விங்குக்கு ஒன்றுமே கிடையாது. அதனால் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: பின் விங், கதவு, முன் விங், பானெட்.

நெருப்புப்பொறி:

சில் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் வெல்டிங்கும் பூச்சும் மட்டும்.

முதல் முறை கற்றுக்கொண்டபோது செய்த வெல்டு என்கிறீர்கள், அதை வெட்டும்போது ஒரு துண்டை எடுத்து உளியால் பிரித்துப் பாருங்கள். நல்ல பிளக் வெல்டு என்றால் தகடு கிழியும், வெல்டு கிழியாது, அடித்தகட்டில் ஒரு பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். சுத்தமாகக் கழன்று வந்தால் அது மேலே உட்கார்ந்திருந்த கொப்புளம்தான். மேல் தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு, நெருப்பை அடித்தகட்டின் நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக் கொண்டு வர வேண்டும். துளை விளிம்பில் தொடங்கினால் மேல் தகடுதான் உருகும். 30 மி.மீ.க்கு ஒன்று போதும். இந்தத் தகடு ஒரு மி.மீ. அளவுதான் இருக்கும், 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி எனக்குக் கைக்கு அடங்கும், 0.8-லும் செய்யலாம். வண்டியில் வைப்பதற்கு முன் அதே கனத்தில் துண்டுத் தகட்டில் பத்து வெல்டு போட்டுப் பிரித்துப் பாருங்கள், பத்திலும் வெல்டு நின்று தகடு கிழிந்தால்தான் வண்டிக்கு வர வேண்டும். நீளக் கோட்டை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தாவித் தாவிப் போங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தபிறகுதான் பக்கத்து இடம்.

புதுப் பேனலில் கறுப்பாக ஒரு பூச்சு வரும். அதைப் பிரைமர் என்று நினைத்து அப்படியே மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள். துணியில் தின்னர் நனைத்து ஒரு மூலையில் பத்து நிமிடம் ஒட்டவைத்துத் தேயுங்கள். கறுப்பு துணியோடு வந்தால் அது வழியில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்தது மட்டும்தான், முழுக்க எடுத்துவிட வேண்டும். அசையாமல் நின்றால் நல்ல பூச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மேலே போகலாம். வெல்டு வருகிற விளிம்பில் எப்படியும் வெறும் தகடு தெரிய வேண்டும், அங்கே வெல்டு தாங்கும் ஜிங்க் பிரைமர் மெல்லிசாக. அந்தப் புகையை இழுக்காதீர்கள், ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி ஆட்டும், எனக்கு வந்திருக்கிறது. பழைய மூட்டுகளில் சாம்பல் நிறத்தில் நகம் பட்டாலே கீறுகிற மெத்தென்ற உலோகம் தெரிந்தால் அது ஈயம், அதில் கிரைண்டர் வைக்கவே வைக்காதீர்கள். தூசு விஷம். கையால் அரம் போடுங்கள்.

வெல்டுக்குப் பிறகு வெறும் தகட்டில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் மூட்டை அடைக்கிற சீம் சீலர். சில்லுக்கு உள்ளே மெழுகு அடிப்பது பெயிண்ட் முடிந்த பிறகுதான், முன்னாலேயே அடித்தால் அது மூட்டு வழியாகக் கசிந்து வந்து பெயிண்டைப் பிடிக்கவிடாது. சில்லின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும், சீலரால் அழகாக அடைத்துவிட்டால் இன்னும் சில வருடத்தில் இதே கேள்வியை இங்கே மறுபடி கேட்பீர்கள்.

இரண்டாம்கை:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வண்டியிலும் டேப்பை வைத்துப் பார்க்க வேண்டும்போல, பார்க்காமலிருந்தால் நிம்மதி.

ஒரு சந்தேகம். இவ்வளவு வேலைக்கு முழுப் பாடியையே வாங்கிவிடலாமே? எம்ஜிபிக்கு இப்போதும் கிடைக்கிறது என்கிறார்களே.

தகடுதட்டி:

கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988-லிருந்து பழைய அச்சுகளை வைத்து முழு எம்ஜிபி ஷெல் செய்கிறார்கள். 1990-களில் வந்த எம்ஜி ஆர்வி8 கார் பிறந்ததே அதனால்தான். நான்கு மூலையும் அழுகிய வண்டி என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன், கணக்குப் பார்த்தாலும் நேரம் பார்த்தாலும் அதுதான் லாபம். ஒரு சில்லுக்காக வேண்டாம். இன்னொன்று, அந்த ஷெல்லை வாங்கினாலும் கதவு, விங், பானெட் இடைவெளிகளை நீங்கள்தான் உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் ஃபேக்டரியிலேயே ஆள் நின்று மரக்கட்டை வைத்து நெம்பித்தான் கதவைப் பொருத்தினார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டி, இரண்டு ஒரே மாதிரி இருக்காது. 4 முதல் 5 மி.மீ.க்குள் ஒரே சீராக வந்தால் அது புது வண்டியாக வெளியே வந்தபோது இருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பாதிவண்டி:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கேமரா விட்டுப் பார்த்தேன். மெம்ப்ரேன் என்று சொல்லும்படி உள்ளே எதுவும் இல்லை. மேலே ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது, அதற்குக் கீழே பழுப்புத் தூள். வெளி சில்லை வெட்டியதும் அந்தத் தூள் கால்மேல் கொட்டியது, கூட்டி அள்ளினால் ஒரு முறம் வந்தது. என் பழைய வெல்டுகளை உளியில் பிரித்தேன். பதினெட்டில் பதினொன்று சுத்தமாகக் கழன்று வந்தன. நெருப்புப்பொறி சொன்ன கொப்புளம் என்ற வார்த்தை மிகச் சரி.

கம்பியை உள்பக்கம் வைத்தேன், டர்ன்பக்கிளோடு. இன்ஜினை இறக்கினேன். இறக்கியதுமே 2 மி.மீ. தானாகத் திறந்தது, நான் எதையும் தொடவில்லை. மீதி 3 மி.மீ.க்கு டர்ன்பக்கிள். கால் சுற்றுக்கு ஒரு முறை கதவை மூடிப் பார்த்தேன், ஒரு கட்டத்தில் பூட்டு சத்தமே மாறியது. அதுவரை டொக் என்று இடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்கு க்ளக் என்று விழுந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வெல்டிங் முடிந்து கம்பியை அறுத்தபோதுதான் பயந்தேன். ஒரு மி.மீ. கூட அசையவில்லை. இன்ஜினை ஏற்றிய பிறகு அளந்தேன், அரை மி.மீ. நடுவில் தூக்கினாலும் முன்னால் தூக்கினாலும் அதேதான்.

அப்புறம் விங். முதலில் எல்லா மரையிலும் மரை வெட்டும் டேப் ஓட்டிச் சுத்தம் செய்தேன், எல்லாம் யுஎன்எஃப் என்கிற அங்குல அளவு மரை, முன்பு யாரோ ஒரு புண்ணியவான் மூன்று இடத்தில் மெட்ரிக் போல்ட்டைத் திணித்திருந்தார். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு விங்கை வைத்தேன், அது மாட்டியிருந்தபோது பின்முனையை ஒழுங்காக உள்ளே விடவே முடியவில்லை. விரல் இறுக்கத்தில் எல்லா போல்ட்டும் போட்டு, கதவோரம் முதலில், பானெட் ஓரம் அடுத்து, ஹெட்லைட் பக்கம் கடைசியாக இறுக்கினேன். கிரில், ஹெட்லைட் வளையம், பக்கவாட்டுக் குரோம் பட்டை எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றினேன். மேலே 4.5, கீழே 5. பெயிண்ட் ஏறினால் இரண்டு விளிம்பிலும் சேர்த்து அரை மி.மீ. போகும் என்று கணக்குப் போட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அதே விங். நான் சீவப் பார்த்த அதே விங். விற்றவர்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

ஒரு குறை பாக்கி. பக்கவாட்டுக் கோடு கதவில் இருப்பதைவிட விங்கில் ஒரு மி.மீ. மேலே நிற்கிறது. குரோம் பட்டை அதன்மேல் போவதால் வெளியே தெரியாது. எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை.

டிஆர்6_பித்தன்:

கதவுக்குப் புது ரப்பர் போட்டுவிட்டுப் பார்த்தீர்களா? புது ரப்பர் கெட்டியாக இருக்கும், கதவின் பின் விளிம்பை இரண்டு மி.மீ. வெளியே தள்ளும். பெயிண்டுக்கு முன்னாலேயே ரப்பரோடு ஒரு முறை மூடிப் பாருங்கள், பெயிண்டுக்குப் பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும்.

பாதிவண்டி:

ரப்பர் போட்டேன், தள்ளியது. கதவை மூடியபடியே ஒரு வாரம் வைத்தேன், அமுங்கிவிட்டது. மீதிக் கொஞ்சத்துக்கு மேல்மூலையில் மரக்கட்டை வைத்துக் கீழே முழங்காலால் தள்ளிக் கதவை லேசாக முறுக்கினேன். செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

பெயிண்டர் அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார். நேற்று வண்டியைத் துடைக்கும்போது இடதுபக்கக் கதவைத் திறந்து மூடினேன். மூடும்போது கையால் கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருந்தது. இத்தனை வருடம் அது அதன் பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

தகடுதட்டி:

பெயிண்டருக்கு போன் போட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். அளவை இங்கேயே எழுதுங்கள்.